இன்னர் ரிங்குக்குள் வெள்ளைக் கோடு: டீகார்ப் என்று எழுதலாமா?

எழுதியவர்: கோவை லேப்

வணக்கம். கோவையில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் மெட்டலர்ஜி பிரிவில் இருக்கிறேன். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. டீகார்ப், அதாவது ஃபர்னஸ் சூட்டில் ஸ்டீலிலிருந்து கார்பன் போய்விட்டது, என்று ஒரு ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், ஆனால் மனசு ஒப்பவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

காற்றாலை கியர்பாக்ஸ்களைப் பிரித்துச் சரிசெய்யும் பட்டறை ஒன்றிலிருந்து பேரிங் இன்னர் ரிங் ஒன்று வந்தது. ஹைஸ்பீடு ஷாஃப்ட்டில் இருந்தது, உருளை ரோலர், என்யு வகை. துளை 100 மி.மீ., ரோலர் ஓடும் ட்ராக்கின் விட்டம் 119 மி.மீ., ரோலர் 24 மி.மீ. என்று அளந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். மூன்றரை வருடம் ஓடியிருக்கிறது.

ட்ராக்கில் அச்சுக்கு இணையாக மூன்று விரிசல்கள். ஸ்கேல் வைத்துக் கீறியது போல நேராக இருக்கின்றன. ஒன்றின் ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருக்கிறது. மற்றபடி ட்ராக் பளபளவென்று இருக்கிறது. குழி இல்லை, துரு இல்லை, தேய்மானம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

ஸ்பெக்ட்ரோவில் கார்பன் 0.99, குரோமியம் 1.46 வந்தது. அதாவது நாம் ஈஎன்31 என்று சொல்லும் 52100 ஸ்டீல், அதில் குறையில்லை. ஹார்ட்னஸ் 60 முதல் 61 எச்ஆர்சி. இன்க்ளூஷன் (ஸ்டீலுக்குள் சிக்கிய அந்நியத் துகள்) ரேட்டிங்கும் வரம்புக்குள் இருக்கிறது. அச்சுக்கு இணையாக ஒரு துண்டு வெட்டி, ஹாட் மவுண்ட் (சூடாக்கிப் பிசினில் பதிப்பது) போட்டு, பாலிஷ் செய்து, 2 சதவீத நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) 15 விநாடி எட்ச் செய்தேன், அதாவது அரிக்கவிட்டேன். 500 மடங்கில் பார்த்தால் ட்ராக்குக்குக் கீழே கிட்டத்தட்ட 0.2 மி.மீ. ஆழத்தில், விரிசலை ஒட்டிக்கொண்டே வளைந்து நெளிந்து ஒரு வெள்ளைக் கோடு போகிறது. சுற்றிலும் கார்பைடு (கார்பன் சேர்ந்த கடினத் துகள்) புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. அந்த வெள்ளைக்குள் ஒரு புள்ளிகூட இல்லை.

எங்கள் சீனியர் பார்த்துவிட்டு, "கார்பைடு இல்லை, வெள்ளையாக இருக்கிறது, டீகார்ப்தான். ஹீட் ட்ரீட்மென்ட் கோளாறு என்று எழுதிவிடு" என்றார். பட்டறைக்காரர்களும் பேரிங் விற்றவரிடம் நஷ்டஈடு கேட்க அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு உறுத்தல். வெள்ளைக் கோட்டின் மேல் 1 கிலோ லோடில் விக்கர்ஸ் (வைர முனையை அழுத்தி, தடத்தை அளந்து எடுக்கும் ஹார்ட்னஸ், எச்வி) எடுத்தேன், 712 வந்தது. தள்ளி எடுத்தேன், 705. டீகார்ப் என்றால் மெத்தென்று அல்லவா இருக்க வேண்டும்?

---

எழுதியவர்: ஓசூர் ஹீட் ட்ரீட்

எங்கள் பக்கத்து அனுபவத்தைச் சொல்கிறேன். ஃபர்னஸ் அட்மாஸ்பியர் சரியில்லாமல் கார்பன் பொட்டென்ஷியல் இறங்கினால் இப்படித்தான் வெளுக்கும். கார்பைடு கரைந்துபோய் வெள்ளையாகத் தெரிந்தால் நாங்கள் டீகார்ப் என்றுதான் எடுத்துக்கொள்வோம். ஹார்ட்னஸ் குறையாதது விரிசலுக்குப் பக்கத்தில் எடுத்ததால் இருக்கலாம். சீனியர் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

---

எழுதியவர்: பழைய மெட்டலர்ஜி

தம்பி, கையெழுத்துப் போடாதீர்கள். உங்களை உறுத்திய அந்த 712-தான் இந்த ரிங் உங்களிடம் சொல்ல வந்த விஷயம்.

நான் 27 வருடம் ஒரு பேரிங் ஆலையின் லேபில் இருந்தவன். ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் இப்படி ஒரு கேள்வியைப் பார்த்தால் சும்மா கடந்துபோக முடியவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேரிங் ஸ்டீலை நைட்டாலில் எட்ச் செய்தால் வெள்ளையாகத் தெரியக்கூடியவை மூன்று. முதலாவது டீகார்ப். அது மேற்பரப்பிலிருந்துதான் உள்ளே போகும், ஏனென்றால் கார்பன் வெளியேறுவதே ஃபர்னஸ் காற்றுக்குத்தான். மேலே நல்ல மார்ட்டென்சைட்டை (குவென்ச் செய்த, அதாவது சட்டென்று குளிரவைத்த ஸ்டீலின் கடினமான அமைப்பு) விட்டுவிட்டு 0.2 மி.மீ. கீழே போய் அது தொடங்காது. அதோடு, கார்பன் போன இடம் மென்மையாகிவிடும். முழுக்க ஃபெர்ரைட் (கார்பன் ஏறக்குறைய இல்லாத இரும்பு) ஆகிவிட்டால் 200 எச்வி-கூட வராது. இரண்டாவது, கிரைண்டிங்கில் சூடேறி மறுபடி குவென்ச் ஆன தோல். அது கடினமாக இருக்கும், ஆனால் அதுவும் மேற்பரப்பில்தான் இருக்கும், அதற்குக் கீழேயே கருப்பாக ஒரு டெம்பர் ஆன (சூட்டில் இளகிய) அடுக்கும் தெரியும். மூன்றாவதுதான் உங்களிடம் இருப்பது. மேற்பரப்பைத் தொடாமல், உள்ளே, விரிசலோடு ஒட்டிக்கொண்டு, சுற்றியிருப்பதைவிடக் கடினமாக. இது ஃபர்னஸிலோ கிரைண்டிங் மெஷினிலோ பிறந்தது அல்ல. ரோலர் உருண்டு உருண்டு, பேரிங் ஓடும்போது உண்டானது.

ஓசூர் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். கார்பைடு காணாமல் போவது இரண்டிலும் ஒன்றுதான், அதனால்தான் ஏமாற்றுகிறது. டீகார்ப்பில் கார்பன் ஸ்டீலை விட்டே போய்விடுகிறது. இதில் கார்பன் அங்கேயேதான் இருக்கிறது. கார்பைடு உருண்டைகள் நசுங்கி, இழுபட்டு, கரைந்து, அந்தக் கார்பன் மிக நுண்ணிய ஃபெர்ரைட் மணிகளுக்குள்ளும் அவற்றின் எல்லைகளிலும் போய் அடைந்துகொள்கிறது. மணி ஒவ்வொன்றும் சில நானோமீட்டரிலிருந்து நூறு நானோமீட்டருக்குள். உங்கள் மைக்ரோஸ்கோப்பில் அது மணியாகத் தெரியவே தெரியாது. நைட்டாலும் அதைச் சரியாக அரிக்காது. அதனால் வெள்ளை.

சந்தேகம் இருந்தால் 1000 மடங்கில் எண்ணெய் லென்ஸ் போட்டு வெள்ளையின் ஓரத்தை மட்டும் பாருங்கள். உள்ளே புள்ளி இல்லை, வெளியே உருண்டைப் புள்ளி. எல்லைக்கோட்டில் பாதி தின்ற முறுக்கு போல ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாத கார்பைடுகள் கிடைக்கும். ஃபர்னஸில் கரைந்தால் அப்படி ஒரு கத்தி வெட்டு எல்லை வராது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும்.

அந்த 0.2 மி.மீ. ஆழம் தற்செயலாக வந்ததல்ல. 12 மி.மீ. ஆர ரோலர் 59.5 மி.மீ. ஆர ட்ராக்கில் அழுந்தினால், சமான ஆரம் 10 மி.மீ. வரும். காண்டாக்ட் அழுத்தம் 1.5 கிகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு ஹெர்ட்ஸ் கணக்கு (வளைந்த பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும்போதான கணக்கு) போட்டால், தொடும் பட்டையின் பாதி அகலம் 0.26 மி.மீ. சொச்சம். வெட்டு அழுத்தம் உச்சத்துக்குப் போவது மேற்பரப்பில் அல்ல, அந்தப் பாதி அகலத்தில் 0.78 பங்கு ஆழத்தில். அதாவது 0.21 மி.மீ. திசை மாறி மாறி வரும் வெட்டு அழுத்தம் உச்சம் தொடுவது 0.13 மி.மீ. ஆழத்தில். நீங்கள் வெள்ளையைப் பார்த்த இடமும் அந்த அக்கம்பக்கம்தான். ட்ராக் பளபளவென்று இருக்க, உள்ளே விரிசல் ஓடியிருப்பதற்கும் இதுதான் காரணம்.

இனி ஹார்ட்னஸ். 1 கிலோ லோடில் 700 எச்வி ஸ்டீலில் விழும் தடத்தின் மூலைவிட்டம் 50 மைக்ரான். உங்கள் வெள்ளைக் கோட்டின் அகலம் எவ்வளவு? 15, 20 மைக்ரான் இருந்தால் அதிகம். நீங்கள் அளந்தது வெள்ளையை அல்ல, வெள்ளையும் பக்கத்து ஸ்டீலும் நடுவில் உள்ள விரிசலும் சேர்ந்த கலவையை. 25 கிராம் லோடு வையுங்கள், தடம் 7 மைக்ரானுக்கு வரும். வெள்ளை அகலமாக இருக்கும் இடமாகத் தேடிப் பிடித்து எடுங்கள். கோட்டில் மூன்று, தள்ளி மூன்று, அப்புறம் ட்ராக்கின் விளிம்பிலிருந்து உள்ளே வரிசையாக ஒரு பத்து. டீகார்ப் இருக்கிறதா இல்லையா என்பதை இந்தப் பத்துப் புள்ளியே சொல்லிவிடும்.

வெட்டிய திசையும் மாற வேண்டும். அச்சுக்கு இணையாக வெட்டினால் ட்ராக்குக்குக் கீழே ஆழம் தெரியும், சாய்வு தெரியாது. ரோலர் உருளும் திசையோடு, ரிங்கின் வட்டத்தோடு இன்னொரு துண்டு வெட்டுங்கள். தண்ணீர் தாராளமாக விட்டு மெதுவாக வெட்டுங்கள், கட்டிங் வீல் சூட்டிலேயே ஒரு கருப்பு உண்டாகிவிடும். மவுண்டும் கோல்டு மவுண்ட் போடுங்கள். இந்த ஸ்டீல் டெம்பர் ஆனதே 160, 180 டிகிரியில்தான். ஹாட் மவுண்ட் பிரஸ்ஸின் சூடு அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

அந்தத் துண்டில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்தவை எண்டுரன்ஸ் ரூமில், அதாவது ஆயுள் சோதனை அறையில், ஓடிய பால் பேரிங்குகள். 6309, 45 மி.மீ. துளை. 3 கிகாபாஸ்கலுக்கு மேல் லோடு ஏற்றி, கெடும்வரை காத்திராமல், குறித்த சுற்றில் நிறுத்தி இறக்குவோம். ஒவ்வொரு இன்னர் ரிங்கையும் வெட்டி எட்ச் செய்வது என் வேலை. பஞ்சில் நைட்டால் தொட்டுத் துடைக்கும்போது, ஒரு கோடிச் சுற்றைத் தாண்டிய ரிங்கில் ட்ராக்குக்குக் கீழே பிறை வடிவில் லேசாகச் சாம்பல் ஏறும். மேல் விளிம்பு பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே நிழல் விழுந்த மாதிரி. பத்துக் கோடி தாண்டிய ரிங்கில் அந்த நிழல் பென்சிலால் தீட்டியது போல அடர்ந்திருக்கும். அதற்குள் ட்ராக்குக்கு 30 டிகிரி சாய்வில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, காற்றடித்த நெல்வயல் போல. இன்னும் ஓடிய ரிங்கில் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு 80 டிகிரியில் பெரிய பட்டைகள். முதன்முதலில் அந்த 80 டிகிரிப் பட்டையைப் பார்த்த அன்று சாப்பிடப் போக மறந்து உட்கார்ந்திருந்தேன். இரும்புக்குள் இப்படி ஒழுங்காகக் கோடு போட்டது யார் என்று தோன்றியது.

பத்துக் கோடி என்றால் மலைப்பாக இருக்கும். 1500 ஆர்பிஎம்மில் மணிக்கு 90,000 சுற்று. 46 நாள் போதும்.

அந்தக் கருப்பு நிழல், மார்ட்டென்சைட் சிதையத் தொடங்கியதன் அடையாளம். குவென்ச் செய்யும்போது வெளியேற முடியாமல் சிக்கிய கார்பனை, ஒவ்வொரு முறை உருளும்போதும் நகரும் டிஸ்லொக்கேஷன்கள் (அணு அடுக்கில் உள்ள கோட்டுக் குறைகள்) கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப்போய்ப் பிரித்துவிடுகின்றன. குவென்ச்சில் மார்ட்டென்சைட் ஆகாமல் மீந்திருந்த ஆஸ்டெனைட்டும் மாறிவிடுகிறது. அந்தப் பகுதியில் ஹார்ட்னஸ் இறங்கும். இது அதிக லோடில் நெடுநாள் ஓடிய பேரிங்கின் வழக்கமான முதுமை.

உங்கள் ரிங்கில் கருப்பு இருக்கிறதா, 30 டிகிரிக் கோடுகள் இருக்கின்றனவா என்று சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல் விரிசலோடு ஒட்டிய வெள்ளை மட்டும் இருந்தால் அது முதுமை அல்ல, அகால மரணம். அதைப் பிறகு பேசலாம்.

---

எழுதியவர்: முப்பந்தல் மெயின்டனன்ஸ்

அண்ணே, நான் லேப் ஆள் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலை பராமரிப்பில் பதினோரு வருடம் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் நேர்க்கோட்டு விரிசலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஹைஸ்பீடு ஷாஃப்ட்டிலும் இன்டர்மீடியட் ஷாஃப்ட்டிலும்தான் அதிகம்.

எங்களுக்குப் புரியாதது ஒன்று. கேட்லாக் கணக்குப்படி 20 வருடத்துக்குக் கவலையே இல்லை என்பார்கள். போரோஸ்கோப் விட்டுப் பார்த்தால் மூன்றாம் வருடமே கோடு விழுந்திருக்கும். ஆயில் சாம்பிள் நல்லபடி, வைப்ரேஷன் கடைசி வாரம் வரைக்கும் அமைதி. அப்புறம் ஒரு நாள் திடீரென்று காந்த பிளக்கில் சில்லு சில்லாக ஒட்டியிருக்கும்.

ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். ஆனி, ஆடியில் முழுக் காற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் லைன் ட்ரிப் ஆனால் மெஷின் ஒரு குலுக்குக் குலுக்கும். ஜெனரேட்டர் பக்கம் லோடு சட்டென்று போய்விடும், பிரேக் பிடிக்கும், கியர்பாக்ஸ் முன்னும் பின்னும் ஆடும். டவர் மேலே நாசெல்லில் இருந்தால் அந்த அடி காலில் தெரியும். அப்படி அடிக்கடி ட்ரிப் ஆகிற ஃபீடரில் உள்ள மெஷின்களில்தான் எனக்கு இந்தப் பேரிங் அதிகம் போயிருக்கிறது. எழுதிவைத்த கணக்கு இல்லை, கண்ணால் பார்த்த கணக்கு.

காற்றில்லாத மாதங்களில் ரோட்டர் சும்மா மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும், லோடே இருக்காது. அதுவும் கெடுதலா?

---

எழுதியவர்: கோவை லேப்

சார், மிகவும் நன்றி. நான்கு நாள் ஆகிவிட்டது, வேறு வேலைக்கு நடுவில் செய்ய வேண்டியிருந்தது.

நீங்கள் சொன்ன திசையில் வெட்டி, கோல்டு மவுண்ட் போட்டேன். 25 கிராம் லோடு. வெள்ளை நன்றாக அகன்றிருந்த ஓர் இடம் 30 மைக்ரான் வந்தது, அங்கே எடுத்தேன். 874, 921, 938. தள்ளி 716, 722, 731. ட்ராக் விளிம்பிலிருந்து உள்ளே பத்துப் புள்ளியும் 710-க்கும் 735-க்கும் நடுவில்தான். விளிம்பில் இறக்கமே இல்லை. கிரைண்டிங் படாத சாம்ஃபர் (ஓரச் சாய்வு) மூலையையும் சேர்த்து எட்ச் செய்து பார்த்தேன், அங்கும் வெளுப்பு இல்லை.

938 என்று ஸ்க்ரீனில் வந்தபோது, மெஷின் தவறோ என்று ஸ்டாண்டர்டு பிளாக்கை வைத்து மறுபடி சோதித்தேன். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

கருப்பு நிழல் இல்லை. 30 டிகிரிக் கோடுகள் இல்லை. வெள்ளையோடு ஒட்டிய விரிசல்கள் 0.1 மி.மீ. ஆழத்திலிருந்து 0.7 வரைக்கும் கிளை கிளையாகப் போகின்றன. வேரைப் பிடுங்கி வைத்தது போல இருக்கிறது. ஒவ்வொரு விரிசலுக்கும் வெள்ளை ஒரு பக்கம்தான் அதிகம், மறுபக்கம் இல்லாதது போல. இது எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் கிடைத்தது. விரிசலிலிருந்து விலகி, 0.18 மி.மீ. ஆழத்தில் ஒரு சிறிய ஆக்சைடு இன்க்ளூஷன், 12 மைக்ரான் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் எதிரெதிராக, ட்ராக்குக்குச் சுமார் 45 டிகிரி சாய்வில் இரண்டு வெள்ளை இறக்கைகள்.

சீனியரிடம் காட்டினேன். ஹார்ட்னஸை ஒப்புக்கொண்டார். ஆனால், "எப்படியிருந்தாலும் பேரிங் சீக்கிரம் போனது உண்மைதானே, டீகார்ப் என்றே எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம், விற்றவர் கொடுத்துவிட்டுப் போகட்டும்" என்கிறார்.

---

எழுதியவர்: பழைய மெட்டலர்ஜி

நல்ல வேலை தம்பி. ஸ்டாண்டர்டு பிளாக் வைத்துச் சரிபார்த்தீர்களே, அது ரொம்ப நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கடைசியில் சொன்ன இறக்கைக்கு நம் தொழிலில் பட்டாம்பூச்சி என்றே பெயர். உடம்பு இன்க்ளூஷன், இறக்கை வெள்ளை. ஆக்சைடு சுற்றியிருக்கும் ஸ்டீலோடு சேர்ந்து வளையாது. குவென்ச்சில் ஸ்டீல் சுருங்குவது போல அது சுருங்காது. எல்லையில் பிடி விட்டால் அங்கே அழுத்தம் குவிந்து, இறக்கை முளைக்கும், அதன் ஓரத்தில் விரிசல் தொடங்கும். உருகிய ஸ்டீலிலிருந்து வாயுவை உறிஞ்சும் வேக்யூம் டீகேஸிங் வந்து ஆக்சிஜனை 10 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவந்த பிறகு பேரிங்குகளின் ஆயுள் பல மடங்கு கூடியது இதனால்தான். உங்கள் இன்க்ளூஷன் ரேட்டிங் வரம்புக்குள் இருப்பதால் ஸ்டீல்மேல் பழி போட முடியாது. அதற்காக இன்க்ளூஷனுக்குப் பங்கே இல்லை என்றும் எழுத வேண்டாம். நல்ல ஸ்டீலிலும் நாலு துகள் இருக்கும்.

வெள்ளை ஒரு பக்கம் மட்டும் இருப்பதைக் கேட்டீர்கள். விரிசல் முதலில் வந்ததா, வெள்ளை முதலில் வந்ததா என்று இந்தத் துறையில் நெடுங்காலச் சண்டை உண்டு. விரிசல் முகங்கள் இரண்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றோடொன்று உரசி, அந்த உரசலில் ஒரு பக்கத்து ஸ்டீல் பிசையப்பட்டு வெள்ளையாகிறது, விரிசல் மெல்ல இடம் நகர்கிறது என்பதற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெள்ளை என்பது அந்தக் கட்சிக்குச் சாதகம். என் கட்சியும் அதுதான். அம்மியில் அரைபட்டது போன்ற அந்த நானோ மணிகள் உரசாமல் வராது என்பது என் நம்பிக்கை.

முப்பந்தல் நண்பருக்கு: நீங்கள் கண்ணால் பார்த்த கணக்கு வீண் அல்ல. கேட்லாக் ஆயுள், லண்ட்பெர்கும் பால்ம்கிரெனும் 1947-இல் ஸ்வீடனில் போட்ட அஸ்திவாரத்தின் மேல் நிற்பது. நூறு பேரிங்கில் பத்து கெடும் வரைக்குமான சுற்று அது. சீரான லோடு, நல்ல எண்ணெய்ப் படலம், வெறும் அழுத்தத்தால் வரும் களைப்பு என்று வைத்துப் போட்ட கணக்கு. இந்த வெள்ளை விரிசல் அந்தக் கணக்குக்கு வெளியே வந்தது. கணக்கிட்ட ஆயுளில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாமல் வரும். லைன் ட்ரிப்பில் முறுக்கு திரும்பும்போது லோடில்லாத பக்கத்து ரோலர்கள் சட்டென்று அடி வாங்குகின்றன. நீங்கள் கேட்ட லோடில்லா ஓட்டமும் கெடுதல்தான். ரோலர் உருளாமல் சறுக்கும், எண்ணெய்ப் படலம் கிழியும், புதிய உலோகம் வெளியே தெரியும்.

அங்கேதான் ஹைட்ரஜன் வருகிறது. சறுக்கும் இடத்தில் எண்ணெயும், அதில் கலந்த தண்ணீரும், சில ஆடிட்டிவ்களும் உடைந்து ஹைட்ரஜன் அணுவைக் கொடுக்கின்றன, அது ஸ்டீலுக்குள் நுழைகிறது. பேரிங் வழியாக ஒழுகும் மின்சாரமும் இதற்குத் துணை போகிறது. லேபில் ஸ்டீலுக்குள் ஹைட்ரஜனை ஏற்றிவிட்டு உருட்டினால், ஏற்றாததைவிட வெகு சீக்கிரம் இதே வெள்ளை விரிசல் வருகிறது. காற்றாலைக்கு மட்டும் உரிய வியாதி என்றும் நினைக்க வேண்டாம். கார் ஆல்டர்னேட்டர் பேரிங்கில் இதே வெள்ளை வந்து, கிரீஸை மாற்றியபிறகு அடங்கிய கதை உண்டு.

ஆகவே உங்கள் பக்கம் செய்யக்கூடியது: ஒழுகும் மின்சாரத்தைத் தரைக்கு விடும் ஜெனரேட்டர் எர்த்திங் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலில் தண்ணீர் எவ்வளவு என்று தனியாகக் கேட்டு அளக்கச் சொல்லுங்கள், பொது ரிப்போர்ட்டில் "சரி" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். பேரிங் மாற்றும்போது ரோலருக்கும் ரிங்குக்கும் பிளாக் ஆக்சைடு பூச்சு போட்டதைக் கேட்டு வாங்குங்கள். கேஸ் கார்பரைஸ் செய்த (தோலில் மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய) ரிங் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் தோலில் அமுக்க அழுத்தமும் கொஞ்சம் கூடுதல் ஆஸ்டெனைட்டும் இருக்கும், உள்ளே இளகிய மையம் இருப்பதால் விரிசல் ரிங்கை ஊடுருவிப் பிளக்காது. உங்கள் ரிங் ஊடுருவக் கடினமாக்கியது, ஷாஃப்ட்டில் இறுக்கி ஏற்றியது. எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் விரிசல் நேராக அச்சோடு போகிறது.

இப்போது உங்கள் சீனியர் சொன்னதற்கு வருகிறேன். யாருக்கு நஷ்டம் என்றாரல்லவா.

நான் வேலையில் சேர்ந்த நாலாம் வருடம். திரும்பி வந்த ஒரு பால் பேரிங் ரிங்கில் ட்ராக்குக்குக் கீழே கருப்பு நிழல். எனக்கு அப்போது அதன் பெயர் தெரியாது. கருப்பு என்றால் கிரைண்டிங் பர்ன் என்று மட்டும் தெரியும். அப்படியே எழுதிக் கொடுத்தேன். அந்த லாட்டை கிரைண்ட் செய்த ஆபரேட்டருக்கு மெமோ போயிற்று, அந்த வருட இன்க்ரிமென்ட் நின்றது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். லேபுக்கு வந்து, சத்தம் போடாமல், "சார், நான் வீலை ஒழுங்காகத்தான் டிரெஸ் பண்ணினேன், கூலன்ட் நிற்கவே இல்லை, எப்படி சார் எரியும்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து எண்டுரன்ஸ் ரூம் ரிங்குகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழைய மவுண்டைத் தேடி எடுத்து மறுபடி பாலிஷ் போட்டேன். கருப்பு தொடங்கியது 0.1 மி.மீ. கீழே. அதற்கு மேலே நல்ல ஸ்டீல். மேற்பரப்பைத் தொடாமல் எந்த கிரைண்டிங் வீலும் உள்ளே எரிக்க முடியாது. அன்றே திருத்தி எழுதிக் கொடுத்தேன், மெமோவையும் எடுத்துவிட்டார்கள். அவர் ஆறு மாதம் முன்பே ஓய்வு பெற்றிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காபி கொடுத்தார். "எனக்குத் தெரியும் சார்" என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் டீகார்ப் என்று எழுதினால், எங்கோ ஒரு ஃபர்னஸ் ஆபரேட்டர் நாளை இதே கேள்வியைக் கேட்பார். அதோடு, விற்றவர் வேறு பேரிங் கொடுப்பார், அதே ஷாஃப்ட்டில், அதே ஆயிலில், அதே பிரஷ்ஷோடு மாட்டுவார்கள். மூன்று வருடத்தில் அதே ரிங் உங்கள் மேசைக்கு வரும்.

---

எழுதியவர்: ஓசூர் ஹீட் ட்ரீட்

சாம்ஃபரில் வெளுப்பு இல்லை என்றதுமே என் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஃபர்னஸ் கோளாறாக இருந்தால் கிரைண்ட் ஆகாத மூலையில் முதலில் தெரிந்திருக்கும், ட்ராக்கில் கிரைண்டிங்கே அதை எடுத்துப் போட்டிருக்கும். 25 கிராம் விஷயம் எனக்கும் புதிது. எங்கள் லேபில் 300 கிராமுக்குக் கீழே யாரும் போனதில்லை, இந்த வாரமே போட்டுப் பார்க்கிறேன்.

---

எழுதியவர்: கோவை லேப்

சார், ரிப்போர்ட்டை மாற்றி எழுதி இன்று காலை அனுப்பிவிட்டேன். டீகார்ப் என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். "ட்ராக்குக்குக் கீழே 0.1 முதல் 0.7 மி.மீ. ஆழத்தில், வெள்ளையாக எட்ச் ஆகும் பகுதிகளோடு கூடிய கிளை விரிசல்கள். அப்பகுதியின் கடினம் 874 முதல் 938 எச்வி, சுற்றியுள்ள ஸ்டீல் 716 முதல் 731. மேற்பரப்பில் கார்பன் இழப்பு இல்லை. இம்மாற்றம் பேரிங் ஓடும்போது ஏற்பட்டது" என்று எழுதி, இரண்டு ஹார்ட்னஸ் தடமும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ சேர்த்தேன். வெள்ளைக்குள் இருக்கும் தடம் சின்னது, வெளியே இருப்பது பெரியது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு சீனியர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பட்டறைக்காரர் போனில் கொஞ்சம் சத்தம் போட்டார். பிறகு அவரே, அந்த மெஷினின் எர்த்திங் பிரஷ் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதே காற்றாலைத் தொகுப்பிலிருந்து இன்னும் இரண்டு இன்னர் ரிங் அங்கே கிடக்கிறதாம், ஒன்றில் இன்னும் விரிசல் தெரியவில்லை. அதைத்தான் முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வட்டத்தோடு வெட்டப் போகிறேன். பட்டாம்பூச்சி எத்தனை என்று எண்ணி இங்கே போடுகிறேன்.